அண்ணாச்சியின் கட்டைவிரல்

எனக்குத் தைராய்டு வந்ததற்குக் காரணம் என் வாய்தான் என்று முதலில் கண்டுபிடித்தவர், திருவனந்தபுரம் கரமனையில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர். நாங்கள் மாடியில், அவர் குடும்பம் கீழே. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து, ஸ்கேன் பார்த்து, இழுத்தடித்துச் சொன்ன விஷயத்தை அவர் கேட்டைத் திறந்துகொண்டே சொல்லிவிட்டார்.

"எதிர்த்துப் பேசுற பொம்பளைக்குக் கழுத்துல வரும் மக்ளே. பேச்சைக் குறை, தானா வத்திரும்."

நான் எதிர்த்துப் பேசினேன். தன் முடிவுக்குச் சாட்சி கிடைத்துவிட்ட திருப்தியோடு அவர் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு கடைக்குப் போனார்.

சாலைக் கடைத்தெருவில் அவருக்குப் பருப்பு மொத்தக்கடை. நாஞ்சில் நாட்டிலிருந்து தாத்தா காலத்தில் திருவனந்தபுரம் வந்த குடும்பம். தெருவில் தமிழர், மலையாளி எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான். நெற்றி நிறையத் திருநீறு, கஞ்சி போட்ட வேட்டி. மீன் வண்டி தெருமுனையில் ஹாரன் அடித்தால் இங்கே துண்டால் மூக்கைப் பொத்திக்கொள்வார். புகை கிடையாது, மது கிடையாது, மாமிசம் கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. இப்படி எதுவுமே இல்லாத மனிதர்களுக்கு மிச்சமிருக்கும் ஒரே பொழுதுபோக்கு மற்றவர்களைக் கவனிப்பது. அண்ணாச்சி அதை மனம் ஒன்றிச் செய்தார்.

நோய் என்பது கடவுள் கொடுக்கும் நன்னடத்தைச் சான்றிதழ் என்பது அவர் முடிவு. சர்க்கரை வந்தவன் அடுத்தவன் சொத்துக்கு ஆசைப்பட்டவன். ஒற்றைத் தலைவலிக்காரி மாமியாரை மதிக்காதவள். ஆஸ்துமா பொய்ச் சாட்சி சொன்னவனுக்கு. எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் இருந்தார், மலையாளி, அல்சரால் அவதிப்பட்டுக்கொண்டிருந்தவர். "தாசில்தாரா இருக்கும்போது வயிறெரிய வச்சாரு, இப்போ எரியுது" என்று அவர் மனைவியிடமே சொன்னவர் அண்ணாச்சி. அந்த அம்மாள் அதன் பிறகு எங்கள் கேட் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

அண்ணாச்சிக்கும் பிபி இருந்தது. பல வருடமாக மாத்திரை சாப்பிட்டார். அதைப் பற்றிக் கேட்டதற்கு, "பிபி பொறுப்பு உள்ளவனுக்கு வரும்" என்றார். சற்றும் சிரிக்காமல் சொன்னார்.

கெட்ட மனிதர் என்று சொல்லிவிட்டுப் போகலாமென்றால் அதற்கும் வழி வைக்கமாட்டார். என் கணவர் மஞ்சள் காமாலையில் படுத்திருந்தபோது, நான் தம்பானூரில் ஆடிட்டர் ஆபீசுக்குப் போய்வர வேண்டிய நிலையில், காலை தவறாமல் கஞ்சி மாடிக்கு வந்தது. அவரே தூக்குவாளியைத் தூக்கிக்கொண்டு படியேறி வருவார். "கண்ட ஓட்டல்ல தின்னா இப்படித்தான். பொண்டாட்டி சமைக்காத வீட்டுல மஞ்சள் காமாலை வரும்" என்று அறைவாசலில் நின்று சொல்லிவிட்டு, கணவர் குடித்து முடிக்கும்வரை அங்கேயே நின்று பாத்திரத்தை வாங்கிக்கொண்டு போவார். கஞ்சி பிரமாதமாக இருக்கும். துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது.

அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்கா அதிகம் பேசமாட்டாள். கணவர் பேசும்போது அவள் கையில் இருக்கும் பாத்திரம் கொஞ்சம் சத்தமாகக் கீழே வைக்கப்படும், அவ்வளவுதான். ஆனால் துணி காயப்போட மொட்டைமாடிக்கு வரும்போது மட்டும் அவளுக்கு இன்னொரு குரல் இருந்தது. போனில் யாரையோ "சாப்பிட்டியாப்பா? கால் எப்படி இருக்கு?" என்று கேட்பாள். நான் வந்தால் குரலைத் தாழ்த்துவாள். ஒருநாள் அவளே சொன்னாள். அது அண்ணாச்சியின் தம்பி.

அவள் கல்யாணமாகி வந்தபோது அந்தத் தம்பி பள்ளிக்கூடம் போகும் பையன். தாய் இல்லை. அக்காதான் சோறு போட்டு வளர்த்தாள். வளர்ந்து அண்ணனோடு கடையில் உட்கார்ந்தான். நாகர்கோவிலில் ஒரு பெண் பார்த்துப் பேசி முடிவாகும் நேரத்தில், ஒரு காலையில் அவனுக்குக் கால் கட்டைவிரல் தக்காளிப்பழம் மாதிரி வீங்கியது. யாரோ ஒரு கம்பவுண்டர் பார்த்துவிட்டு, "இது யூரிக் ஆசிட். குடிச்சு, இறைச்சி தின்னா வரும்" என்று சொல்லியிருக்கிறார். அண்ணாச்சிக்கு அதற்குமேல் விசாரணை தேவைப்படவில்லை. தம்பி சாமி படத்தின் முன்னால் நின்று சத்தியம் செய்தானாம். "சாமிக்கு முன்னால பொய் சொல்லுகியே, உனக்கு ஆஸ்துமாவும் வரும்" என்றாராம் இவர். அதோடு நிற்கவில்லை. நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறிப்போய், பெண் வீட்டாரிடம், "உங்க பொண்ணு வாழ்க்கை கெடக்கூடாது, அதனால உண்மையைச் சொல்லுதேன். அவனுக்குக் குடிகாரன் நோய்" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த நேர்மையை நினைத்து அவருக்கே கண் கலங்கியதாம்.

தம்பி அன்றைக்கே வீட்டைவிட்டுப் போனார். எங்கெங்கோ வேலை பார்த்து, கடைசியில் விழிஞ்ஞத்தில் துறைமுக வேலைக்கு வந்தவர்களுக்குச் சமைத்துப்போடும் கேன்டீனை எடுத்து நடத்தினார். அங்கேயே மீன்பிடிக் குடும்பத்துப் பெண் ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டார். தகவல் வந்ததும் அண்ணாச்சி, "நான் அன்னைக்கே சொன்னேன்லா" என்றார். எதைச் சொன்னார், அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் துணிச்சல் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை.

இந்த நிலையில்தான் அண்ணாச்சியின் கட்டைவிரல் வீங்கியது.

விடிகிற நேரம். கீழேயிருந்து, "ஃபேனை நிறுத்து! காத்து படுகு!" என்று ஒரு கத்தல். காற்று பட்டு ஒரு மனிதன் கத்துவதை நான் அதுவரை கேட்டதில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தேன். கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வலது கட்டைவிரலும் அதன் அடிமூட்டும் பளபளவென்று சிவந்திருந்தன. அக்காவின் முந்தானை நுனி லேசாக உரசியதற்கு அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே உடம்பு கூசியது.

"சுளுக்கு" என்றார் என்னைப் பார்த்ததும். நான் அதுவரை எதுவும் கேட்டிருக்கவில்லை.

"தூக்கத்துலயா அண்ணாச்சி சுளுக்கிச்சு?"

"தூக்கத்துல சுளுக்காதோ? கழுத்து சுளுக்கும், கால் சுளுக்காதாக்கும்!"

அக்கா அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அதை முன்பே ஒருமுறை பார்த்தவள். அவள் பார்ப்பதை அண்ணாச்சியும் பார்த்தார். சட்டென்று போர்வையை இழுத்துக் காலை மூடினார். மூடிய வேகத்தில் போர்வை விரலில் பட்டு, கத்தி, அதைத் தூர எறிந்தார்.

சுளுக்கு என்று தீர்ப்பாகிவிட்டதால் சுளுக்குக்கான வைத்தியம் தொடங்கியது. சாலைக் கடைத்தெருவில் சுமை தூக்குகிறவர்களுக்கு நரம்பு நீவிவிடும் ஆசான் ஒருவர் வரவழைக்கப்பட்டார். தோள் இரண்டும் கதவு அகலம். அவர் விரலைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது சுளுக்கு மாதிரி இல்லியே" என்றுதான் சொன்னார் பாவம். "சுளுக்குதான்யா, நீவு" என்றார் நோயாளி. ஆசான் எண்ணெயைத் தொட்டு ஒரே ஒரு முறை நீவினார். அன்றைக்கு எழுந்த சத்தத்தில் எதிர்வீட்டுத் தாசில்தார் பல் துலக்கும் பிரஷ்ஷோடு தெருவுக்கு ஓடிவந்தார். ஆசான் எண்ணெய்க் கிண்ணத்தைக்கூட எடுக்காமல் போய்விட்டார்.

அடுத்து யாரோ சொன்னார்கள் என்று உப்பை வறுத்துத் துணியில் கட்டிச் சூடாக ஒத்தடம். ஏற்கெனவே அடுப்பு மாதிரி கொதிக்கும் இடத்தில் இன்னும் கொஞ்சம் நெருப்பு. வீக்கம் பாதம்வரை ஏறியது. கடைப் பணியாள் மருந்துக்கடையில் போய் நின்று "நல்ல ஸ்ட்ராங்கா ஒரு வலி மாத்திரை" என்று கேட்டு வாங்கி வந்தான். அதைத் தண்ணீர் மாதிரி விழுங்கியதில் வலி கொஞ்சம் குறைந்தது, நெஞ்செரிச்சல் வந்தது. வயிறு எரிகிறது என்று வெளியில் சொல்ல முடியாது, அது தாசில்தார் நோய். சொந்தக்காரர்களின் வாட்சாப் குழுவில் ஆளுக்கொரு வைத்தியம். ஒருவர் ஆப்பிள் வினிகர் குடிக்கச் சொன்னார். இன்னொருவர் முருங்கையிலை அரைத்துக் கட்டச் சொன்னார். மதுரையிலிருந்து ஒரு மைத்துனர், பருப்பைச் சுத்தமாக நிறுத்திவிடும்படி எழுதியிருந்தார். அண்ணாச்சி கொதித்துப்போனார்.

"பருப்பா? மூணு தலைமுறையா பருப்பு விக்கிறோம். பருப்பு தின்னு எவனுக்காவது கால் வீங்கியிருக்கா? கடை பேரைக் கெடுக்கவே கிளம்பிட்டான்!" குழுவிலிருந்து வெளியேறினார். அக்கா அவரை மறுபடி சேர்த்தாள். மறுபடி வெளியேறினார்.

தாசில்தார் நலம் விசாரிக்க வந்தார். பல வருடங்களுக்குப் பிறகு எங்கள் கேட்டைத் தாண்டி வந்தவர், நாற்காலியை இழுத்துப்போட்டு நிதானமாக உட்கார்ந்து, விரலைக் கண் குளிரப் பார்த்தார்.

"அண்ணாச்சியே, நமக்குள்ளே என்ன? பிராண்டு ஏதாணு?"

அண்ணாச்சிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நெற்றித் திருநீற்றைத் தொட்டுக் காட்டினார். "நான் கையால தொட்டதில்ல சார்" என்றார். தாசில்தார், "தொடண்டா, குடிச்சால் மதி", தொட வேண்டாம், குடித்தால் போதும் என்று அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்து போனார். மாலைக்குள் தெரு முழுக்க, மதுக்கடை வரிசையில் அண்ணாச்சியைத் துண்டு போட்டு முகத்தை மூடிய நிலையில் பார்த்தவர்கள் தோன்றத் தொடங்கினார்கள். உண்மையில் அவர் குடிக்கவில்லை. வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. அவர் சொல்வது உண்மை, ஆனால் யாரும் நம்பவில்லை. ஒருவன் உண்மையைச் சொல்லிக்கொண்டு நிற்கும்போது ஊர் சிரிப்பது எப்படி இருக்கும் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

வலி அவரைவிடப் பிடிவாதமாக இருந்ததால் கடைசியில் ஆஸ்பத்திரிக்கு ஒப்புக்கொண்டார். என் காரில் பின்சீட்டு முழுக்கக் கால், ஓரத்தில் அண்ணாச்சி. அக்கா முன்னால் உட்கார்ந்தாள். கிள்ளிப்பாலம் தாண்டும்வரை ஒவ்வொரு பள்ளத்துக்கும் மாநகராட்சியின் ஒழுக்கத்தைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லிக்கொண்டு வந்தார். அதன் பிறகு பள்ளங்கள் அதிகமாகிவிட்டதால் பேச்சு நின்றது.

டாக்டர் இளம்பெண், மலையாளி. விரலைத் தொடாமலே குனிந்து பார்த்தார். "பேடிக்கண்டா அண்ணாச்சி. இது கௌட் ஆணு. யூரிக் ஆசிட்" என்று சிரித்தார். பயப்படாதே என்று சொல்லி ஒரு மனிதனை இவ்வளவு பயமுறுத்த முடியும் என்று நான் நினைத்ததில்லை.

"மது கழிக்குமோ?"

"கிடையாது!"

"மீன், இறைச்சி?"

"சைவம்மா! பரம்பரைச் சைவம்!"

"ஸ்வீட் டிரிங்க்ஸ்?"

கடையில் அவர் இருக்கைக்குக் கீழே எப்போதும் பெரிய பாட்டில் ஆரஞ்சுக் கலர் இருக்கும். வெயிலுக்கு அது, செரிமானத்துக்கு அது, கோபம் வந்தால் அது. அவர் வாழ்க்கையில் அனுமதிக்கப்பட்ட ஒரே பாட்டில். "கலர் உண்டு" என்றார் மெதுவாக. அதுவும் யூரிக் ஆசிட்டைக் கூட்டும் என்றார் டாக்டர். சாப்பிட்டுக்கொண்டிருந்த பிபி மாத்திரையை வாங்கிப் பார்த்தார். அதில் சிறுநீரைப் பெருக்கும் மருந்து சேர்ந்திருந்தது, அதுவும் கூட்டும், வேறு மாத்திரை எழுதுகிறேன் என்றார். பொறுப்பு உள்ளவனுக்கு வரும் நோயின் மருந்தே காலை வாரிவிட்டது. பருப்பை நிறுத்த வேண்டுமா என்று அண்ணாச்சி கேட்டார். "பருப்பு ஒண்ணும் செய்யாது" என்று டாக்டர் சொன்னபோது மட்டும் அன்று அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது.

பிறகு டாக்டர் சாதாரணமாகக் கேட்டார்: "குடும்பத்தில் வேற ஆர்க்கெங்கிலும் இது உண்டோ? அப்பா, சகோதரன்? இது பாரம்பரியமா வரும்."

"எங்க குடும்பத்துல ஒருத்தனுக்கும் கிடையாது" என்றார் அண்ணாச்சி.

அக்கா மடியில் வைத்திருந்த பையைத் தரையில் வைத்தாள். "இவங்க தம்பிக்கு இருக்கு டாக்டர். சின்ன வயசுலயே வந்துது. அவனும் குடிக்க மாட்டான்."

எத்தனையோ வருடம் மொட்டைமாடிக்கு மட்டும் வைத்திருந்த குரலில் அதைச் சொன்னாள். அண்ணாச்சி அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய சிறுநீரகப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் ஒன்றும் தெரியாமல் "அப்போ அது தன்னே" என்று எழுதத் தொடங்கினார்.

மருந்துகளை ஒவ்வொன்றாக விளக்கினார். வலியும் வீக்கமும் குறைய வழிகள் உண்டு. வலி மாத்திரை, கோல்சிசின், சில நாளைக்கு ஸ்டீராய்டு என்று ஆளுக்குத் தக்கபடி கொடுப்பார்களாம். அண்ணாச்சிக்குப் பிபியும் இருந்து, ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகமும் லேசாகத் தடுமாறுவது தெரிந்ததால் மருந்துக்கடை வலி மாத்திரையைத் தொடவே கூடாது. கோல்சிசின் குறைந்த அளவில், வயிறு கலக்கினால் உடனே போன் செய்ய வேண்டும். சூட்டு ஒத்தடம் வேண்டாம், நீவக் கூடாது. துணியில் சுற்றிய ஐஸ், தலையணை மேல் கால், நிறையத் தண்ணீர். வலி போன பிறகு யூரிக் ஆசிட்டைக் குறைக்க ஒரு மாத்திரை தொடங்க வேண்டும், அதைத் தினமும் நிறுத்தாமல் சாப்பிட வேண்டும். "வலி போயி எண்ணு கருதி நிறுத்தல்லே" என்று இரண்டு தடவை சொன்னார். அண்ணாச்சி தலையாட்டினார். அவர் தலையாட்டினால் கேட்கவில்லை என்று அர்த்தம்.

சில நாளில் வீக்கம் வடிந்தது. வீட்டுக்கு வந்தவர்களிடம், ஆசான் நீவியது தாமதமாகப் பிடித்தது என்று சொன்னார். நல்ல சுளுக்கு அப்படித்தான் இறங்குமாம். தினசரி மாத்திரையைக் கொஞ்ச காலம் சாப்பிட்டார். பிறகு, வலிக்காத காலுக்கு மருந்து எதற்கு என்று நிறுத்தினார். ஆஸ்பத்திரியில் அக்கா சொன்னதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அவள் கொண்டுவந்து வைக்கும் சாப்பாட்டை மட்டும் முன்னைவிட அமைதியாகச் சாப்பிட்டார்.

அந்த வருடம் அவர்கள் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை டெக்னோபார்க்கில் வேலை, பெற்றோர் நாகர்கோவில். வீட்டு ஹாலிலேயே நடத்துவதாக ஏற்பாடு. அக்கா தன் கணவரிடம் கேட்கவில்லை, சொன்னாள்: "பிள்ளைக்குச் சித்தப்பா வரணும். நான் கூப்பிட்டாச்சு." அண்ணாச்சி பேப்பரைப் பிரித்து முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள்.

நிச்சயதார்த்தத்தன்று காலையில் கட்டைவிரல் மறுபடி வீங்கியது. முன்பைவிடப் பெரிதாக.

"சாக்ஸ் கொண்டா" என்றார் அண்ணாச்சி. பட்டு வேட்டிக்குக் கீழே கறுப்பு சாக்ஸ். அது விரல் நுனியைத் தொடும் முன்பே அந்த யோசனை கைவிடப்பட்டது. கடைசியில் அவரே ஒரு வழி கண்டார். ஹாலின் நடுவில் அவர் நாற்காலி, அதற்கு முன்னால் ஒரு ஸ்டூல். ஸ்டூலுக்கு அடியில் தலையணையில் கால். ஸ்டூலின் மேல் தரைவரை தொங்கும் பட்டுத்துணி, அதன் மேல் வெற்றிலைத் தாம்பாளம். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. சம்பந்தி வீட்டாருக்குத் தெரியக்கூடாது என்று என்னையும் அக்காவையும் மகளையும் எச்சரித்தார். "பொண்ணுக்கு அப்பன் குடிகாரன்னு போயிரும்." நாகர்கோவிலில் ஒரு பெண் வீட்டில் அந்த வார்த்தை என்ன செய்யும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

தம்பி வந்தார். நரைத்த தலை, எளிய சட்டை, லேசாகச் சாய்ந்த நடை. அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை. மனைவியை அழைத்து வரவில்லையா என்று கேட்டதற்கு, "முதல்ல நான் பாத்துட்டு வாறேன் மதினி" என்றார். அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். தம்பி வாசற்பக்கம் போய் நின்றுகொண்டார். அவர் கண் ஒருமுறை ஸ்டூலில் தொங்கிய துணியில் நின்று, நகர்ந்தது.

எல்லாம் ஒழுங்காக நடந்தது, தட்டு மாற்றும் நேரம்வரை. மாப்பிள்ளையின் அப்பா தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு எழுந்து வந்து அண்ணாச்சியின் முன் நின்றார். பெண்ணின் அப்பா எழுந்து தன் தட்டை எடுத்து மாற்ற வேண்டும். அண்ணாச்சி எழவில்லை. நாற்காலியின் இரு கைகளையும் பிடித்து ஒருமுறை உன்னினார். நெற்றித் திருநீறு வேர்வையில் கரைந்து வழிந்தது. மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

வந்தவர் தட்டோடு நின்றார்.

"என்ன அண்ணாச்சி, மனசுல ஏதாவது இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிரணும்" என்றார். குரல் மரியாதையாகத்தான் இருந்தது, ஆனால் முகம் மாறிவிட்டது. அவர் மனைவி பாயிலிருந்து எழுந்து அருகில் வந்தாள். மகள் சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள்.

அண்ணாச்சி கூட்டத்தைத் தாண்டி வாசல் பக்கம் பார்த்தார். அந்த மனிதர் யாரிடமும் உதவி கேட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, பார்த்தார், அவ்வளவுதான்.

தம்பி சாய்ந்து சாய்ந்து நடந்து வந்தார். "குடிகாரன் நோய்" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். உண்மையைச் சொல்லவேண்டியது கடமை என்று சேர்த்துக்கொண்டால் கண்கூடக் கலங்கலாம்.

அவர் தாம்பாளத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். துணியை விலக்கினார். ஸ்டூலை மெதுவாகத் தூக்கி ஓரமாக வைத்தார். தலையணையில் அண்ணாச்சியின் கட்டைவிரல், சபையோர் அனைவரின் பார்வைக்கும்.

"யூரிக் ஆசிட்" என்றார் தம்பி. "நிக்க முடியாது, அதான். எனக்கும் உண்டு. எங்க குடும்பத்துல வருகது."

மாப்பிள்ளையின் அம்மா குனிந்து பார்த்தாள். "அட, இதுக்கா இப்படி ஒளிச்சு வச்சிருக்கீங்க? எங்க அண்ணனுக்கும் இதேதான். ஐஸ் வச்சீங்களா?"

"மாத்திரை நிறுத்திருப்பாரு" என்றார் அவள் கணவர். "எல்லாரும் செய்யிறதுதான். நீங்க உக்காருங்க அண்ணாச்சி, உக்காந்தே மாத்துவோம்." அவர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தார். நான் தாம்பாளத்தை அண்ணாச்சியின் கையில் கொடுக்க, தட்டு மாறியது. பின்வரிசையில் யாரோ ஆப்பிள் வினிகர் என்றார்கள். அடுத்த நிமிடம் எல்லோரும் சாப்பாட்டுக்கு எழுந்தார்கள்.

அவ்வளவுதான். நான் தம்பியின் முகத்தைப் பார்த்தேன். தன் வாழ்க்கையைத் திருப்பிப்போட்ட அந்த வார்த்தை, இன்னொரு வீட்டாரின் காதில் விழுந்து, ஐஸ் வைத்தீர்களா என்ற கேள்வியாக முடிந்துபோனதைப் பார்த்துக்கொண்டு அவர் அப்படியே நின்றார். சந்தோஷமா, ஆத்திரமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. பிறகு உள்ளே போய் ஃபிரிட்ஜைத் திறந்து ஐஸ் எடுத்து, ஒரு துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார்.

ஹாலில் அண்ணாச்சியும் அவரும்தான். நான் மாறி வந்த தாம்பாளத்தைச் சாமி அறையில் வைத்துவிட்டு வந்து கதவருகில் நின்றேன். தம்பி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அண்ணனின் குதிகாலைக் கையில் ஏந்தினார். எங்கே பிடித்தால் வலிக்காது என்று தெரிந்தவரின் பிடி. அண்ணாச்சி மூச்சை விட்டார்.

அப்போது தம்பி தன் பெருவிரலை எடுத்து, அந்தச் சிவந்த மூட்டின் மேல் வைத்து, ஒரு அழுத்து அழுத்தினார்.

அண்ணாச்சி போட்ட சத்தத்தில் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். "என்னாச்சு?" என்று அக்கா கையில் கரண்டியோடு ஓடிவந்தாள்.

"கை தவறிப் பட்டுட்டு மதினி" என்றார் தம்பி. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

அண்ணாச்சியின் கண்களிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை. தம்பியையே பார்த்தார். கை தவறவில்லை என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று தம்பிக்கும் தெரியும்.

"எனக்கு நல்லா வேணும்லே" என்றார் அண்ணாச்சி.

"ஆமா, வேணும்" என்றார் தம்பி. சொல்லிவிட்டு, ஐஸ் துண்டை எடுத்து, அந்த விரலைச் சுற்றிக் குழந்தையைப் போர்த்துவது மாதிரி வைத்தார்.